கை கழுவாதவர்கள்

மதுரைக்குத் தெற்கே செங்கண்மாய் என்று ஒரு கண்மாய் இருந்தது, இருந்ததைத் தூர்த்து அதன் மேல் மாடிக் குடியிருப்பு கட்டினார்கள், கட்டியதில் குடிவந்தவர்கள் கண்மாயை மறந்தார்கள், கண்மாய் மட்டும் யாரையும் மறக்காமல் மழைக்காலம்தோறும் தரைவழியே ஊறிவந்து கீழ்வீட்டுப் பாய்களை நனைத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஆடி அமாவாசை அன்று செத்தவர்களெல்லாம் ஆமைகளாகத் திரும்பி வந்தார்கள்.

அன்று காக்கை வரவில்லை. மொட்டை மாடிகளில் இலை போட்டு, போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்து, கா கா என்று கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, சோறு காய்ந்து, வெயில் உச்சிக்கு வந்தபோதுதான் கீழே யாரோ சத்தம் போட்டார்கள். எட்டிப் பார்த்தால், சாக்கடை மூடிகளின் இடுக்கிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்தும் சுவர் வெடிப்புகளிலிருந்தும் ஆமைகள் வெளியே வந்து, யாரையும் எதையும் விசாரிக்காமல் அவரவர் வீட்டு வாசலுக்கு அவரவர் போய்க்கொண்டிருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பார்கள். அமாவாசை என்பதால் கும்பிட்டார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தவமணி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், இரண்டாவது மாடியில் இருந்தார். அவருடைய அப்பா அத்தனை படியையும் ஏறிவந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. யாரும் தூக்கிவிடவில்லை, உயிரோடு இருந்தபோதும் கைத்தாங்கல் கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும். வாசல்படியில் தலையை நீட்டி, மூச்சு வாங்கி, "சோறு ஆயிருச்சா?" என்று கேட்டார். அப்பா சாகும் நாள்வரை அந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான் என்பதால், தவமணி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பேச்சுதான் இருந்தது. ஆயுசு முழுக்கப் பேசியதில் எதை அதிகம் பேசினார்களோ அது மட்டும் தேயாமல் மிஞ்சியிருந்தது. பஞ்சவர்ணத்தின் மாமியார் அடுப்படித் திண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு "உப்புப் பத்தல" என்றாள். குடித்தே செத்தவன் ஒருவன் தன் பெண்டாட்டியிடம் "நாளையிலருந்து விட்டுர்றேன்" என்றான்; அவள் தலையில் அடித்துக்கொண்டே அவனுக்குக் கீரை நறுக்கிப் போட்டாள். மோட்டார் சைக்கிளில் போய் லாரிச் சக்கரத்தில் சிக்கிச் செத்த பையன் "இந்தா வந்துர்றேம்மா" என்றான்; அவனுடைய அம்மா, உலகாத்தாள், அதைக் கேட்ட நாளிலிருந்து வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

குடியிருப்பு சீக்கிரமே இதற்குப் பழகிவிட்டது. குழாயடியில், "எங்க வீட்டுல ஆளு கூடிப்போச்சு, ஒரு குடம் சேத்துத்தான் பிடிப்பேன்" என்று சண்டை நடந்தது. பாத்திரக் கடையில் பெரியவர்களை வைக்கப் பிளாஸ்டிக் பேசின் கிடைக்கவில்லை. ஆமைகள் ஈரத்தையும் நிழலையும் தேடி அடுப்படிக்குள்ளேயே கிடந்தார்கள், ஆகவே பாத்திரம் கழுவுகிற தொட்டியிலேயே அவர்களையும் குளிப்பாட்டினார்கள், பாத்திரம் தேய்க்கும் நாரிலேயே ஓட்டின் பாசியையும் தேய்த்தார்கள், அவர்கள் கடித்துப் போட்ட தக்காளியைப் பிரசாதம் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், பிள்ளைகள் தாத்தாவின் மூக்கில் முத்தம் கொடுத்தன. யாருமே சாகாத வீடு ஒன்று இருந்தது, கனகராசு வீடு. நாலு பேர் முன்னால் தலைகாட்ட முடியாமல் அவன் வண்ணமீன் கடைக்குப் போய், காதோரம் சிவப்புக் கோடு போட்ட சீமை ஆமை ஒன்றை வாங்கி வந்து மாமனார் என்றான். அது வாயே திறக்கவில்லை.

"உன் மாமனாரு பேசவே இல்லையேப்பா?" என்று கேட்டார்கள்.

"உசுரோட இருக்கும்போதும் எங்கிட்டப் பேசுனதில்லண்ணே" என்றான் கனகராசு.

அந்த மாமனார் அப்போது விருதுநகரில் நன்றாகத்தான் இருந்தார்.

சோலைமலை வீட்டுக்கு ராக்காயி வந்தாள். சோலைமலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் பரோட்டா மாஸ்டர். மகள் செண்பகத்தின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ராக்காயி சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தாள், அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அபூர்வம். அமாவாசை மத்தியானம் கடையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து, தண்ணீர் மொள்ளச் சொம்பை எடுக்கப் போனவனின் காலடியில், அடுப்படி நிலைப்படிக்குப் பக்கத்திலிருந்து, "கையக் கழுவுய்யா" என்று சத்தம் வந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். சோறு தின்ன உட்கார்ந்தாலும், மகளைத் தூக்கப் போனாலும், ஆசையாகப் பக்கத்தில் வந்தாலும் அவள் அவனிடம் முதலில் சொல்லுகிற பேச்சு அது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மைதா மாவும் எண்ணெயும் போகக் கையைத் தேய்த்துக் கழுவி, வேட்டியில் துடைத்து, அதற்குப் பிறகுதான் அவளை இரண்டு கையாலும் தூக்கினான். கீழே விட்டபோது மறுபடியும் "கையக் கழுவுய்யா" என்றாள்.

"கழுவிட்டுத்தானடி தூக்குனேன், மறந்துட்டியா" என்று சிரித்தான் சோலைமலை. சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அந்தக் குடியிருப்பில் எல்லோருமே அப்படிக் கழுவிவிட்டுத்தான் தூக்கினார்கள், சொல்லித் தெரிந்து செய்ததல்ல. கோயிலுக்குப் போகும்போது கைகால் கழுவிவிட்டுப் போவார்கள், திரும்பி வந்து கழுவ மாட்டார்கள், கழுவினால் கொண்டுவந்தது போய்விடும். சாவு வீட்டுக்குப் போகும்போது கழுவ மாட்டார்கள், திரும்பி வந்து தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். தொடும் முன் கழுவினால் சாமி, தொட்ட பின் கழுவினால் பிணம். இந்தக் கணக்கு அவர்கள் ரத்தத்தில் இருந்தது. வந்தவர்களை அவர்கள் சாமியாக வைத்தார்கள், ஆகவே முன்னால் கழுவினார்கள், பின்னால் ஒருபோதும் கழுவவில்லை.

ஆவணியில் செண்பகம் தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தாள். புருஷன் ஜெயபாண்டி திருப்பூரில் சரக்கு வண்டி ஓட்டினான். தாயில்லாத வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகிறாளே என்று மாமியார் முகத்தைச் சுளித்ததை எண்ணி எண்ணி அழுதவள், அப்பாவின் அடுப்படியில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம், ராக்காயியை உடன்பிறந்தவளாக எண்ணிப் பழகியவள், வாசலிலிருந்தே சத்தம் போட்டாள்.

"பாத்தீகளா மச்சான், பேறுகாலம் பாக்க எங்கக்கா ஓடியாந்துட்டா. இனிமே நீங்க பரோட்டாவ மட்டும் வீசுங்க."

பெண்பிள்ளை பிறந்தது. ராக்காயியின் முதலெழுத்து வரட்டும் என்று ராகவி என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, பச்சைப்பிள்ளை இருக்கிற வீடுகளைப் பார்த்துப் போகும், அதே குடியிருப்பில் இருக்கிற சுகாதார நிலைய நர்ஸ் ரெஜினா வந்தாள். பிள்ளையை நிறுத்து எடை பார்த்தாள், தொப்புளைப் பார்த்தாள், அதன் பிறகு தொட்டிலுக்குக் கீழே பேசினில் கிடந்த ராக்காயியைப் பார்த்தாள்.

"அண்ணே, நான் யாரையும் விரட்டச் சொல்லல. வந்திருக்காங்க, சந்தோசம். ஆனா வந்திருக்கிறது ஆமை உடம்புல. ஆமை வயித்துல ஒரு கிருமி இருக்கும், ஆமையை அது ஒண்ணும் செய்யாது. பாக்கச் சுத்தமாத்தான் இருக்கும், நாத்தம் இருக்காது. ஆனா ஓட்டுல இருக்கும், அந்தத் தண்ணில இருக்கும், நடந்துபோன தரையில இருக்கும். நமக்கு வந்தா வயித்தால போயி நின்னுரும். பச்சப்பிள்ளைக்கு ரத்தத்துல ஏறிரும்."

"நாங்க கையக் கழுவிட்டுத்தான் தொடுறோம் நர்ஸம்மா" என்றான் சோலைமலை.

"முன்னாடி இல்லண்ணே. தொட்ட பின்னாடி. சோப்புப் போட்டு. அப்புறம் இந்த வாசல்படிக்கு இங்கிட்டு அவங்க வேணாம், மாடில ஒரு தொட்டி கட்டி விடுங்க. அந்தத் தண்ணிய அடுப்படித் தொட்டில ஊத்தக் கூடாது, கக்கூசுல ஊத்துங்க. அவங்களத் தூக்குன சேலையோட பிள்ளையத் தூக்கக் கூடாது. நீங்க பிள்ளையக் கொண்டுபோயி அவங்க மேல வைக்கவே வேணாம், உங்க கையே போதும் கிருமியக் கொண்டு சேக்க."

சோலைமலையின் முகம் கறுத்தது.

"அப்ப, கட்டுனவளக் கை கழுவிரச் சொல்றீக."

"அய்யோ, அந்தக் கை கழுவுறது இல்லண்ணே…"

"எந்தக் கை கழுவுனாலும் அவளுக்கு ஒண்ணுதான?"

ரெஜினா பொறுமையாகத்தான் சொன்னாள். "எங்க வீட்ல நாங்க அமாவாசை கும்புடுறதில்ல, இருந்தாலும் எந்தம்பி வந்திருக்கான். மாடித் தொட்டில விட்டிருக்கேன். தெனமும் போயிப் பக்கத்துல உக்காருவேன். 'அக்கா பசிக்குது'ம்பான். கீரை போடுவேன், முதுகத் தடவுவேன், அழுவேன். எந்திரிச்சு வந்து கையக் கழுவுவேன்."

"அதானே பாத்தேன்" என்றாள் பஞ்சவர்ணம். "கூடப்பொறந்தவன மொட்ட வெயில்ல மாடில போட்டு வச்சிருக்கவதான நமக்குப் புத்தி சொல்ல வர்றா."

ரெஜினா இரண்டு சோப்புக் கட்டிகளைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு செண்பகம் ஒன்றைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, அந்தக்கா சொல்றாப்ல கொஞ்ச நாளைக்கு மாடில விடுவமா? பிள்ளை ஒரு சுத்துப் பெருக்கட்டும்."

"நீ பொறந்தப்ப உன்னியக் குளிப்பாட்ட அவளுக்கு நாதி இல்லத்தா, பச்ச உடம்போட தானே குளிப்பாட்டுனா. இப்ப உம் பிள்ளையக் குளிப்பாட்ட எங்கிருந்தோ நடந்து வந்திருக்கா. அவள மாடில ஏத்திட்டு, நீ சோப்புப் போட்டுக் கையக் கழுவுவியா?"

செண்பகம் சோப்பை டப்பாவில் வைத்து மூடினாள்.

மறுநாளிலிருந்து பஞ்சவர்ணம் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டும்போது, ராக்காயியின் பேசினைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். எல்லாத் தண்ணீரும் ஊற்றி முடித்த பிறகு, அந்தப் பேசினிலிருந்து ஒரு கை அள்ளி, "இந்தா, இது அம்மாச்சி ஊத்துற தண்ணி" என்று பிள்ளையின் தலையில் விட்டாள். தண்ணீர் நெற்றியில் வழிந்து வாயோரம் இறங்கியது, பிள்ளை நாக்கால் நக்கியது, எல்லோரும் சிரித்தார்கள். "கையக் கழுவுய்யா, கையக் கழுவுய்யா" என்று ராக்காயி பேசின் விளிம்பில் நகத்தைப் போட்டுப் பிறாண்டினாள். பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தில் கத்துகிறாள் என்றார்கள்.

புரட்டாசி பிறந்தபோது குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. காய்ச்சல் வந்தது, நின்றது, திரும்ப வந்தது. குழாயில் சாக்கடை கலக்கிறது என்று மாநகராட்சிக்கு எழுதிப் போட்டார்கள். தண்ணீர் லாரிக்காரனை மறித்து ஏசினார்கள். அப்புறம் சோலைமலை கடைச் சால்னாதான் காரணம் என்றார்கள்.

"மாஸ்டர், தப்பா நெனைக்காதீக, கொஞ்ச நாளைக்குக் கடைக்குப் போகாம இருங்களேன்" என்றார் தவமணி. மடியில் அவருடைய அப்பா இருந்தார், அவர் ஓட்டைத் தடவிய விரலாலேயே தவமணி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"என் கையில என்ன இருக்கு, பாருங்க!" என்று சோலைமலை இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். ஒன்றும் இல்லை. நகத்தில்கூட அழுக்கில்லை. சுற்றி நின்றவர்களெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம், சுத்தமாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள்.

ராகவி முதலில் பாலை மறந்தாள். பிறகு அழுகையை மறந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது, கழுத்து விறைத்தது, உச்சிக்குழி பள்ளமாக இல்லாமல் உப்பி நின்றது. பஞ்சவர்ணம் திருநீறு பூசினாள். செண்பகம் அவள் கையைத் தட்டிவிட்டு, போட்டிருந்த நைட்டியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில், முதுகுத்தண்டில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்துப் பார்த்துவிட்டு, கிருமி ரத்தத்தின் வழியாக மூளைச் சவ்வுக்குப் போய்விட்டது என்றார்கள். இளவயது டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வீட்டுல ஆமை, உடும்பு, ஓணான்னு எதுவும் வளக்குறீங்களா?"

"வளக்கல சார்" என்றான் சோலைமலை. "என் சம்சாரம் வந்திருக்கா."

டாக்டர் தலை நிமிரவில்லை. "எந்த ஏரியா?"

"செங்கண்மாய்."

"ம். அங்கருந்துதான் நெறைய வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பிள்ளையைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். செண்பகம் அதன் வாசலில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் வரும் ஒவ்வொரு தடவையும் நர்ஸுகள் வாசல் குழாயில் முழங்கைவரை கழுவினார்கள், அப்புறம் பிள்ளையைத் தொட்டார்கள், தொட்ட பின் மறுபடி கழுவினார்கள். அவள் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். ரெஜினா பார்க்க வந்தாள். பழம் கொண்டுவந்திருந்தாள். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சோலைமலைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டாள்.

"அக்கா என்னண்ணே சொல்வாங்க? எல்லாருக்கும் ஒரு பேச்சு இருக்குல்ல."

"கையக் கழுவுய்யாம்பா. ஆயுசுக்கும் அதான்."

ரெஜினா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "எப்பச் சொல்லுவாங்க? தூக்கும்போதா, கீழ விடும்போதா?"

சோலைமலை அமாவாசை மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தான். வந்த அன்று அவன் எண்ணெய்க் கையோடு நின்றபோது சொன்னது தவிர, அவளைத் தூக்கும்போது அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவளைத் தொட்டுவிட்டுக் கீழே விட்டபோது சொன்னாள். பேசின் தண்ணீரை அள்ளியபோது சொன்னாள். அவளைத் தடவிய கையோடு அவன் தொட்டில் பக்கம் போனபோது, தரையெல்லாம் நகம் உரச உரசப் பின்னாலேயே வந்து சொன்னாள். செத்துப் போனவள் தனக்கு மிஞ்சியிருந்த ஒரே பேச்சை வைத்துக்கொண்டு நாள் தவறாமல் கத்தியிருக்கிறாள்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனவன் அடுப்படியில் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஓட்டின் ஓரத்தை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினான். கீழே விட்டான்.

"கையக் கழுவுய்யா."

டப்பாவைத் திறந்து சோப்பை எடுத்தான். குழாயைத் திறந்து, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று, மாவு பிசைந்து முடித்தவன் கழுவுவதுபோல அவசரப்படாமல் கழுவினான். அவள் கழுத்தை நீட்டி, நுரை தொட்டியில் விழுந்து போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை. சொன்னதைக் கேட்டுவிட்டான் என்ற நிம்மதியில் பேச்சை நிறுத்தினாளா, தன்னைக் கை கழுவிவிட்டான் என்று நினைத்து நிறுத்தினாளா என்பது சோலைமலைக்குக் கடைசிவரை தெரியவில்லை. மாடியில் சிமெண்டுத் தொட்டி கட்டி, பாதிக்கு நிழல் போட்டு, அவளை அதில் விட்டான். போய்ப் பக்கத்தில் உட்காருவான். அவள் கீரை தின்பாள், கல் மேல் ஏறி வெயில் காய்வாள், ஆமை செய்வதையெல்லாம் செய்வாள்.

இந்தச் செய்தி குடியிருப்பில் பரவியது. தவமணி சங்கத்தைக் கூட்டினார்.

"மாஸ்டர் ஒரே ஒரு தடவைதான்யா சோப்புப் போட்டாரு. ராக்காயி வாய மூடிட்டா. இப்ப அது வெறும் ஆமை. நாளைக்கு எங்கப்பனும் வெறும் ஆமையாகணுமா?"

"பிள்ளைகளுக்குப் போறது நிக்கலையே" என்று கூட்டத்தில் ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

"பிள்ளைகளுக்கு எப்பவும் போகத்தான் செய்யும். செத்தவுக எப்பவும் வருவாகளா?"

ரெஜினா வீடு வீடாகக் கொடுத்த சோப்புகளையெல்லாம் திரும்ப வாங்கிச் சங்க அறையில் போட்டுப் பூட்டினார்கள். உலகாத்தாள் தன் வீட்டிலிருந்த துணிச் சோப்பைக்கூட வெளியே எறிந்தாள். கை தவறி ஈரச் சோப்பில் பட்டுவிட்டால் மகன் "இந்தா வந்துர்றேம்மா" சொல்லுவதை நிறுத்திவிடுவானோ என்று பயந்தாள். அவள் குடல் வெந்து மெலிந்துகொண்டே போனாள், ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்கள் அவளிடம் எதுவும் சொல்லத் துணியவில்லை. ஊரில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அன்பு அதிகமாக இருந்தது, அவ்வளவுதான்.

ராகவி பிழைத்துக்கொண்டாள். ஊசி போட்டுப் போட்டுக் கையும் காலும் நீலம் பாரித்துப் போயிருந்தாலும், கண்ணைத் திறந்து பார்த்தாள், பால் குடித்தாள். ஜெயபாண்டி வந்து நேராக ஆஸ்பத்திரியிலிருந்தே இருவரையும் திருப்பூருக்கு அழைத்துப் போனான்.

"ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போத்தா" என்றான் சோலைமலை.

"இல்லப்பா" என்றாள் செண்பகம். அவ்வளவுதான் சொன்னாள்.

மாதங்கள் போயின. சோலைமலை போன் செய்வான், பிள்ளை உட்காருகிறாளா, பல் முளைத்துவிட்டதா என்று கேட்பான், செண்பகம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள். போனைப் பிள்ளை காதில் வையேன் என்று கெஞ்சினால், தூங்குகிறாள் என்பாள். வைகாசியில் காது குத்திவிடுவோம், தாய்வழி முறை அது, மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும் என்று அவன் மன்றாடியபோது, "கோயிலுக்கு மட்டும் வர்றோம்ப்பா, வீட்டுக்கு வர மாட்டோம்" என்றாள்.

குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே தகரக் கூரை போட்ட முனியாண்டி கோயிலில் விசேஷம். சோலைமலை நாயனமும் தவிலும் பேசியிருந்தான், மாடிகளிலிருந்து சனங்கள் இறங்கி வந்திருந்தார்கள், சிலர் தங்கள் வீட்டுப் பெரியவர்களையும் பேசினில் வைத்து இடுப்பில் தூக்கி வந்திருந்தார்கள். செண்பகம் புதுச் சேலையில் வந்தாள், இளைத்திருந்தாள், அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். பிள்ளையைத் தூக்க அவன் கையை நீட்டியபோது அவள் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். அவன் குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு கொடுத்தாள்.

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாள். அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளிடம் என்னென்னவோ பேசினான், அவள் அவன் வாயையே உற்றுப் பார்த்துச் சிரித்தாள். செண்பகத்துக்கு உடன்பிறந்தவன் இல்லாததால், பஞ்சவர்ணத்தின் மகன் முத்துராசு மாமனாக மடி கொடுத்தான். ஆசாரி கம்பியைச் சுடர் காட்டித் துடைத்து எடுத்தார். மேளம் முழங்கியது.

தகரக் கூரைக்குக் கீழே தவிலின் முதல் அடி இடிபோல் விழுந்தது. கூட்டத்திலிருந்த கைப்பிள்ளைகள் எல்லாம் தூக்கிவாரிப் போட்டு வீரிட்டன. ராகவி மட்டும் அசையவில்லை. நாயனக்காரரின் கன்னம் உப்பி உப்பி வற்றுவதைப் பார்த்து, பொக்கை வாயில் முளைத்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

"பாத்தீகளா மச்சான், எங்கக்கா மாதிரியே, எதுக்கும் அசர மாட்டா!" என்றாள் பஞ்சவர்ணம்.

சோலைமலைக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தவில்காரர் வேடிக்கை காட்டப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று காதுக்கு நெருக்கமாக உருட்டி வாசித்தார். அவள் திரும்பவில்லை. சோலைமலை எழுந்து அவளுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினான். ராகவி என்றான். ஆத்தா, ராகவி என்று கத்தினான். அவள் நாயனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஆசாரி காது மடலைப் பிடித்து இழுத்துக் கம்பியை ஏற்றினார். பிள்ளை நெஞ்சு வெடிக்க அழுதாள், பெண்கள் வழக்கம்போலக் குலவையிட்டுச் சிரித்தார்கள், சுற்றி நின்றவர்கள் மிட்டாயை நீட்டினார்கள்.

சோலைமலை மகளிடம் வந்தான். மேளச் சத்தத்தில் அவள் காதருகே குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"எப்பருந்துத்தா?"

"ஆஸ்பத்திரியிலருந்தேப்பா. சொரம் தலைக்குப் போனப்பவே போயிருச்சாம். கோயம்புத்தூர்ல காட்டிட்டோம்."

"எங்கிட்டச் சொல்லலையே."

"சொல்லத்தான் செஞ்சேன்ப்பா" என்றாள் செண்பகம். "மாடில விடுவமான்னு கேட்டேன்."

சோலைமலைக்கு எதையாவது நிறுத்தியாக வேண்டும்போல இருந்தது. மேளக்காரர்களைப் பார்த்து, போதும் என்று கையைத் தூக்கினான். செண்பகம் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். அழுகிற பிள்ளையை முத்துராசுவின் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பேசினும் இடுப்புமாக நின்ற சனங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நிறுத்தச் சொல்லாதீகப்பா. வாசிக்கட்டும். வந்தவுகளுக்காவது காது கேக்கட்டும்."